கோல்ஃப் பந்து கிளப்பின் நடுவில் படவில்லையா? தடத்தைப் பார்த்துத் திருத்துங்கள்

கிளப்பின், அதாவது கோல்ஃப் மட்டையின், நடுவில் படாத அடியைக் கை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிடி உள்ளங்கையில் முறுகும், விரல்கள் அதிரும், பந்து வழக்கமான தூரத்துக்கு முன்பே விழுந்துவிடும். ஆனால் கிளப் முகத்தின், அதாவது பந்தில் படும் பரப்பின், எந்தப் பக்கம் பட்டது என்பதில் கை அடிக்கடி ஏமாறும். அது தெரியாமல் சுவிங்கை, அதாவது கிளப்பை வீசும் விதத்தை, மாற்றப் போனால் இருக்கிற பிழையோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் முதலில் தடம் எடுங்கள். வெள்ளைப்பலகை மார்க்கரால் பந்தில் நகமளவு புள்ளி ஒன்று போட்டு, அது கிளப் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். 7 அயனால் (உலோகத் தலை கொண்ட நடுத்தர கிளப்) பத்துப் பந்து அடித்து, இடையில் துடைக்காமல் விட்டால் தடங்கள் எங்கே குவிகின்றன என்பது தெரியும். நல்ல அடியின் தடம் முகத்தில் கோடு வெட்டிய பகுதியின் நடுவில், கீழிருந்து மூன்றாம் நான்காம் கோட்டை ஒட்டி இருக்கும். மிகத் தூரம் அடிக்கும் நீண்ட கிளப்பான ட்ரைவரின் முகத்தில் பவுடரை மெல்லிதாகப் பூசினாலே போதும், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பவுடர் உராய்வைக் குறைத்துவிடும், ஆகையால் அந்த அடிகளில் பந்து வளைந்த விதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு.

தடங்கள் ஓரிடத்தில் குவியாமல் சிதறிக் கிடந்தால் சுவிங் பாதையை ஆராய்வதில் பயனில்லை. சமநிலை குலைகிறது, அல்லது பிடி இறுகுகிறது. கொழும்புப் புழுக்கத்தில் ஒன்பது குழி முடிவதற்குள் கையுறை நனைந்துவிடும். பிடி வழுக்குகிறது என்று கை தானாக இறுக்க, முழங்கை விறைத்து சுவிங்கின் வட்டம் சுருங்கும். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். ரப்பர் பிடியைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். பிறகு இரு பாதங்களையும் ஒட்டி வைத்து அரை வேகத்தில் இருபது பந்து அடியுங்கள். தள்ளாடாமல் அடிக்க முடிகிற வேகம்தான் இப்போதைக்கு உங்கள் வேகம்.

தடங்கள் ஹீல் பக்கம், அதாவது தண்டுப் பக்கம் குவிவதுதான் அதிகம் வாட்டும் பிழை. முற்றினால் பந்து தண்டு பொருந்தும் கழுத்தில் பட்டு வலப்பக்கம் சீறிப் பாயும். ஷாங்க் என்பது அதுதான். முதலில் நிற்கும் தூரத்தைப் பாருங்கள். அயனுக்குப் பிடியின் நுனிக்கும் தொடைக்கும் இடையில் ஒரு கைமுட்டி நுழைய வேண்டும், ட்ரைவருக்கு இன்னும் சற்றுக் கூட. தூரம் சரியாக இருந்தும் ஹீலில் படுகிறதென்றால் இறங்கும்போது ஏதோ ஒன்று பந்தை நோக்கி நகர்கிறது. அது இடுப்பா, தோளா என்று புல் பெயர்ந்த தடம் சொல்லும். அது இலக்குக்கு இடப்பக்கம் நீண்டிருந்தால் தோள் முந்திக்கொண்டு கிளப்பை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது. தடம் நேராக இருந்தால், அல்லது புல்லே பெயராவிட்டால், பெரும்பாலும் இடுப்பு முன்னே தள்ளுகிறது. எடை கால்விரல் நுனிக்குப் போகிறது, முதுகு நிமிர்கிறது, கைகளுக்கு இடமில்லாமல் கிளப் தலை வெளியே தள்ளப்படுகிறது.

இடுப்புக்கு மருந்து ஒரு கதிரை. பின்புறம் அதன் முதுகில் லேசாகத் தொடும்படி நின்று, பந்தில்லாமல் மெல்லச் சுவிங் செய்யுங்கள். மேலே போகும்போது வலப் பிட்டமும், இறங்கி அடிக்கும்போது இடப் பிட்டமும் கதிரையில் பட வேண்டும். அடிக்கும் கணத்தில் இரண்டும் விலகினால் பிழை அங்கேதான். தோள் முந்துபவருக்கு வேறு வழி. பந்துக்கு அப்பால், கிளப் தலையின் நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பந்துகள் வரும் வெற்று அட்டைப்பெட்டியை வைத்து, அதைத் தொடாமல் அடியுங்கள். இரு சாராருக்கும் பொதுவாக இன்னொன்று: வேண்டுமென்றே நுனியில் படும்படி பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். பலருக்குத் தடம் அப்போதுதான் நடுவுக்கு வரும்.

நுனிப் பக்கம், அதாவது டோவில் படுவதற்குக் காரணங்கள் குறைவு. ஒன்று பந்து எட்டாத தூரத்தில் இருக்கிறது. அல்லது எடை குதிக்காலில் சாய்கிறது. அல்லது அடிக்கும்போது இட முழங்கை மடிந்து கையை உள்ளே இழுக்கிறது. மூன்றாவதற்கு, ஒரு துவாயை மார்பின் குறுக்கே இரு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, அது விழாமல் அரை சுவிங் பழகுங்கள்.

மண்ணை முதலில் தோண்டுவதும் பந்தின் மண்டையைச் சீவுவதும் எதிரெதிராகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே பிழைதான்: எடை வலக்காலிலேயே தங்கிவிட, சுவிங்கின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. பயிற்சிக்கூடப் பாயில் இது தெரியவே தெரியாது, கிளப் வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும். பின்னேர மழைக்குப் பிறகு ஊறிய புல்லில் அதே அடி சேற்றில் புதைந்து நிற்கும். பாயில் பழகுகிறவர் பந்துக்குப் பின்னால் 12 சென்ரிமீற்றரில் மடித்த துவாயை வைத்து அதைத் தொடாமல் அடிக்க வேண்டும். புல்லில் என்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பந்தில்லாமல் அடித்து, மண் பெயர்வது கோட்டுக்கு இலக்குப் பக்கமாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

ட்ரைவரில் மட்டும் கணக்கு வேறு. பந்து இடக் குதிக்காலின் உட்புறத்துக்கு நேரே, பாதிப் பந்து ட்ரைவரின் உச்சிக்கு மேலே தெரியும் உயரத்தில் டீயில், அதாவது பந்தைத் தாங்கும் சிறு முளையில், இருக்கட்டும். ட்ரைவர் தலையின் எடைமையம் முகத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் டோவில் பட்டது இடப்பக்கமும் ஹீலில் பட்டது வலப்பக்கமும் வளையும். பந்து வலப்பக்கம் வளைகிறது என்று பிடியை மாற்றுவதற்கு முன் தடத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து பலனில்லையென்றால் கிளப்பைச் சந்தேகிக்கலாம். நம்மில் பலர் ஆடுவது யாரோ உயரமானவருக்குப் பொருந்திய பழைய செட். பந்தில் நிமிர்ந்த கோடொன்று கீறி அடியுங்கள். முகத்தில் பதிந்த கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தது, ஹீல் பக்கம் சாய்ந்தால் படுத்தது. கோணத்தை மாற்றுவது பட்டறை வேலை. நீளம் கூடிய கிளப்பென்றால் பிடியில் இரண்டு சென்ரிமீற்றர் கீழே இறக்கிப் பிடித்தாலே பாதி சரியாகும்.

ஷாங்க் ஆட்டத்தின் நடுவில் வந்துவிட்டால், அதுவும் களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துப் போகும் றோயல் கொழும்பு போன்ற மைதானத்தில் வந்துவிட்டால், அங்கே நின்று சுவிங்கைத் திருத்த நேரமில்லை. பந்தை டோவுக்கு நேரே வைத்து நில்லுங்கள். சப்பாத்துக்குள் கால்விரல்களைச் சற்றே மேலே தூக்கினால் எடை முன்னே சரியாது. முக்கால் சுவிங்கில் அடித்து நடையைக் கட்டுங்கள். கதிரைப் பயிற்சியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.