இன அழிவைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகள்

ஓர் உயிரினம் பூமியிலிருந்து அடியோடு அற்றுப்போக முடியும் என்பதே ஒரு காலத்தில் அறிஞர் பலர் ஏற்காத கருத்தாக இருந்தது. இயற்கை தன் விலங்குகளில் எதையும் அற்றுப்போக விட்டதில்லை என்று 1780-களில் எழுதிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், வட அமெரிக்காவின் அறியப்படாத பகுதிகளில் யானையை ஒத்த பழங்கால விலங்கான மாமூத் இன்னும் உலவக்கூடும் என்று நம்பினார். 1796-இல் பாரிஸில் விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் குவியே, மாமூத்தின் எலும்புகளை இன்றுள்ள யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, அது இப்போது எங்கும் இல்லாத ஒரு தனி இனம் என்று காட்டிய பிறகே அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஆனால் அதே குவியே, இனங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்பதை ஏற்க மறுத்தார். திடீர்ப் பேரழிவுகளே அவற்றை அழித்தன என்றார். பின்வந்தவர்கள் பேரழிவுக் கருத்தை ஒதுக்கிவிட்டு, எல்லாம் மெல்ல மெல்லவே நடந்தன என்றனர். 1980-இல் லூயிஸ் ஆல்வாரெஸும் அவருடைய மகன் வால்டரும் சக ஆய்வாளர்களும், டைனோசர்கள் அழிந்த காலமான 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் படலத்தில், பூமியின் மேலோட்டில் அரிதும் விண்கற்களில் மிகுதியுமான இரிடியம் என்னும் உலோகம் மிகுந்திருப்பதைச் சுட்டி விண்கல் மோதலை முன்வைத்தபோது, பேரழிவு என்ற கருத்து புதிய சான்றோடு திரும்பி வந்தது.

அறிவியலாளர்கள் நேற்று ஒன்றும் இன்று வேறொன்றும் சொல்கிறார்கள், ஆகவே இன அழிவைப் பற்றிய எச்சரிக்கைகளையும் நம்ப வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவதே நான் மிகுதியாகக் காணும் பிழை; மிகவும் தீங்கானதும் அதுவே என்பதால்தான் இவ்வளவு பின்னோக்கிச் சென்றேன். குவியேயின் விளக்கங்களில் பல கைவிடப்பட்டன. மாமூத் அற்றுப்போன இனம் என்ற அவருடைய முடிவோ இன்றுவரை அசையவில்லை. ஒரு திருத்தத்தைப் படிக்கும்போது, மாறியது கவனிப்பா, அதற்குத் தரப்பட்ட விளக்கமா, மதிப்பீட்டின் அளவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த பிழை, கண்ணில் படாததை அழிந்துவிட்டதாக எழுதிவிடுவது. நியூசிலாந்தின் டகாஹே என்னும் பறக்கவியலாத பறவை அற்றுப்போனதாகக் கருதப்பட்ட பின் 1948-இல் ஜெஃப்ரி ஆர்பெல் என்பவரால் மலைப் பகுதியில் மீண்டும் காணப்பட்டது. பிலிப்பைன்ஸின் செபு தீவில், காடு போய்விட்டது, ஆகவே அங்கு மட்டுமே வாழ்ந்த பூங்கொத்திக் குருவியும் போய்விட்டது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1992-இல் எஞ்சியிருந்த ஒரு சிறு காட்டுத் துண்டில் அது உயிரோடு இருந்தது. இத்தகைய அவசர முடிவுக்கு ஆய்வாளர்கள் ‘ரோமியோவின் பிழை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்: காதலி இறந்துவிட்டாள் என்று எண்ணி ரோமியோ தன் உயிரை விட்டதைப் போல, இனம் போய்விட்டது என்று எண்ணிப் பாதுகாப்பைக் கைவிட்டால், அந்த முடிவே அதன் சாவுக்குக் காரணமாகிவிடும். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், கடைசி உயிரி இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதே ஓர் இனத்தை அற்றுப்போனதாக அறிவிக்கிறது. அறியப்பட்ட கடைசித் தாஸ்மேனியப் புலி 1936 செப்டம்பரில் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அந்த அறிவிப்போ 1982-இல்தான் வந்தது. ஆகவே அறிவிப்பு வந்த ஆண்டை இனம் அழிந்த ஆண்டாக எழுதக் கூடாது. எப்போதோ ஓர் இனம் திரும்பக் கிடைப்பதைக் காட்டி, அழிந்தவை எல்லாம் எங்கோ ஒளிந்திருக்கின்றன என்று ஆறுதல் கொள்வதும் அதே அளவு தவறு.

எண்களைக் கையாள்வதில்தான் பிழைகள் குவிகின்றன. காட்டு விலங்குக் கூட்டங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயிர்க்கோள் குறியீட்டின் (Living Planet Index) 2024 அறிக்கை, 1970-க்கும் 2020-க்கும் இடையே 73 சதவீதச் சராசரி வீழ்ச்சியைக் குறிப்பிட்டது. உடனே உலகின் விலங்குகளில் 73 சதவீதம் செத்துவிட்டதாகத் தலைப்புகள் வந்தன. அந்தக் குறியீடு முதுகெலும்புள்ள விலங்குகளின் கண்காணிக்கப்படும் கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் எந்த விகிதத்தில் மாற்றம் நேர்ந்தது என்பதன் சராசரியையே தருகிறது. ஒரு கூட்டம் 10-இலிருந்து 2 ஆகவும், இன்னொன்று 1,000-இலிருந்து 800 ஆகவும் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 80 சதவீத வீழ்ச்சி ஒன்று, 20 சதவீத வீழ்ச்சி ஒன்று. எளிய சராசரி 50. ஆனால் தலைகளை எண்ணினால் 1,010-இல் 208 மட்டுமே குறைந்திருக்கிறது, அதாவது ஏறத்தாழ 21 சதவீதம். உண்மையான கணக்கு இதைவிட நுட்பமானது. எனினும் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பது இதிலேயே விளங்கும். சிறிய கூட்டம் ஏறக்குறைய ஒழிந்துபோனதைத் தலைக்கணக்கு மறைத்துவிடும் என்பதால், குறியீட்டைப் பயனற்றது என்று தள்ளுவதும் சரியாகாது.

2019-இல் பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையேயான அறிவியல் குழு, ஏறத்தாழ 10 லட்சம் தாவர, விலங்கு இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன என்று மதிப்பிட்டது. அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. மறுபுறம், 1500-ஆம் ஆண்டுக்குப் பின் அற்றுப்போனதாக, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இனங்களின் நிலையைக் குறித்துவைக்கும் சிவப்புப் பட்டியலில் பதிவாகியிருப்பவை ஏறத்தாழ 900 மட்டுமே என்பதைக் காட்டி, இவ்வளவுதானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விவரிக்கப்பட்ட இனங்களே ஏறத்தாழ 20 லட்சம் இருக்க, அப்பட்டியல் 2024 வரை மதிப்பிட்டவை 1,60,000-க்குச் சற்று மேல். பறவைகளும் பாலூட்டிகளும் ஏறக்குறைய முழுமையாக ஆராயப்பட்டிருக்கின்றன. பூச்சிகளில் மிகச் சிறு பகுதியே ஆராயப்பட்டிருக்கிறது. பெயர் பெறுவதற்கு முன்பே மறைந்தவை எந்தப் பட்டியலிலும் வரப்போவதில்லை. எனவே 900 என்பதை இழப்பின் அடித்தளமாகக் கொள்ளலாம். மொத்தமாகக் கொள்ள முடியாது.

பட்டியலில் ஓர் இனத்தின் நிலை மாறினால் இயற்கையில் ஏதோ நடந்துவிட்டது என்று கருதுவது இன்னொரு வழுக்கல். 2021-இல் ஆப்பிரிக்க யானை முதன்முறையாக இரண்டு இனங்களாக மதிப்பிடப்பட்டு, அடர்காடுகளில் வாழும் யானை மிக அருகிய இனமாகவும் புல்வெளி யானை அருகிய இனமாகவும் இடம்பெற்றன. தந்த வேட்டையாலும் வாழிட இழப்பாலும் நேர்ந்த வீழ்ச்சி உண்மையானது. ஆனால் ஒரு வரி இரண்டு வரிகளானதற்குக் காரணம் வகைப்பாட்டில் தெளிவு பிறந்ததே. மெய்யான மாற்றத்தையும், அறிவு மிகுந்ததால் வந்த மாற்றத்தையும் ஒன்றியமே தனித்தனியாகக் குறிக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் நிலைமாற்றத்தைச் செய்தியாக்கக் கூடாது.

கடைசியாக, இன அழிவு என்பதைக் கடைசி உயிரியின் சாவு என்ற ஒரே கணமாகச் சுருக்கிவிடுவது. தெற்காசியாவின் வெண்முதுகுக் கழுகு, பிணந்தின்னிகளில் மிக மிகுதியாக இருந்த ஒன்று. 1990-களில் தொடங்கிய சரிவில் இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அது அற்றுப்போகவில்லை. ஆனால் கால்நடைப் பிணங்களை விரைந்து அகற்றும் அதன் வேலை அப்போதே ஏறக்குறைய நின்றுவிட்டது. முதலில் தொற்றுநோய் என்றே பலர் ஐயுற்றனர். 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு, கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி, பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வதைக் கண்டறிந்தது. தொற்றுநோய் என்ற முதல் ஊகத்தைக் காத்துக்கொண்டிருக்காமல் ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டதால், இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதிக்க முடிந்தது.