தேசியம் எவ்வாறு உருவாகிறது: குமரி மாவட்டத்தை வைத்து ஆராயும் முறை

தேசியம் பற்றி ஆய்வேடு எழுத முனையும் நம் மாவட்ட மாணவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கி, இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் மன்னராட்சி நடந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பிரஜையாகப் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தவரான தாத்தா பாட்டிகளைக் கொண்ட ஊர்களில், இந்த ஆய்வை வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் அரசையும் தேசத்தையும் பிரித்துப் பாருங்கள். எல்லையும் படையும் வரியும் இருந்தால் அது அரசு. ஒருவரையொருவர் நேரில் கண்டிராத மக்கள் தாங்கள் ஓரினம் என்றும், தம்மை ஆளும் உரிமை தமக்கே உண்டு என்றும் நம்பும்போதுதான் தேசம் பிறக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை வென்றதைத் தேசியப் போர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. அவ்வீரர்கள் தம் மன்னனுக்காகப் போரிட்டார்கள். பின்னாளில் வந்த உணர்வை அவர்கள் மீது ஏற்றுவது ஆய்வாகாது. மாறாக, தனிப் படையும் நாணயமும் அஞ்சலும் உடைய திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று 1947 ஜூனில் அதன் திவான் (தலைமை அமைச்சர்) சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தும், மக்களின் எதிர்ப்புக்கும் டெல்லியின் அழுத்தத்துக்கும் முன்னால் அந்த அறிவிப்பு இரண்டு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதினால் வேறுபாடு தெளிவாகும்.

அடுத்து, மக்கள் தம்மைச் சமமானவர்களாக எண்ணத் தொடங்கியது எப்போது என்று தேடுங்கள். மேலாடை அணியும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த பெண்ணும், அதைத் தடுத்தவரும் ஒரே தேசத்தவர் என்று எப்படி உணர்ந்திருக்க முடியும்? எனவே 1859-இல் அரச அறிவிப்பைப் பெற்றுத்தந்த தோள்சீலைப் போராட்டத்தைச் சமூக வரலாறு என்று ஒதுக்காமல், தேசிய உணர்வின் முன்வரலாறாகவே படிக்க வேண்டும். நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இயங்கிய மிஷன் அச்சகத்தையும், அதனோடு வளர்ந்த பள்ளிகளையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொழி மட்டும் தேசியத்தை உருவாக்கிவிடாது. தமிழ் பேசியவர்கள் பல நூற்றாண்டுகள் திருவிதாங்கூரில் எல்லை மாற்றம் கோராமலேயே வாழ்ந்தார்கள். பள்ளியும் அலுவலகமும் பதவியும் வாக்குரிமையும் வாழ்க்கையைத் தீர்மானிக்கத் தொடங்கியபோதுதான் மொழி அரசியலானது. இதைக் கண்கூடாகக் காணப் பழைய நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தமிழ்க் குடும்பத்தின் சொத்து, மலையாள எழுத்தில், கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் பதிவாகியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். ஆண்டு 1112 என்றிருந்தால் அது 1936-37. கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால் டிசம்பர் வரை 824-உம், ஜனவரியிலிருந்து 825-உம் கூட்ட வேண்டும். எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததும் அந்த ஆண்டில்தான். பெரியவர்களிடம் "உங்களுக்குத் தமிழுணர்வு இருந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். எந்த மொழியில் படித்தீர்கள், மனுவை யாரிடம் எழுதி வாங்கினீர்கள் என்று கேளுங்கள். விளவங்கோடு பகுதியில் மலையாளம் பேசும் குடும்பங்களையும் தவறாமல் கேட்க வேண்டும். இல்லையெனில் பாதி உண்மையே கிடைக்கும்.

குறைகளை ஒரு கோரிக்கையாக்க அமைப்பு தேவைப்படுகிறது. வழக்கறிஞர் நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரி அதைச் செய்தது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூடு அக்கோரிக்கைக்கு ஈகியரைத் தந்தது. அன்று நடந்ததையும், பின்னர் ஆண்டுதோறும் அது நினைவுகூரப்படும் விதத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒப்பீடு இல்லாமல் ஏட்டை முடிக்காதீர்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. அதே இயக்கம் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்கிருந்த தமிழரில் பெரும்பாலோர் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் என்பதை 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் எவ்வாறு எடைபோட்டது என்பதை அந்த அறிக்கையிலேயே படித்து, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் காரணங்களோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.