சிடியைத் துடைத்துப் பயனில்லை: புது விண்டோஸில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்

பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி பையன் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "அண்ணா, இன்ஸ்டால் எல்லாம் நல்லா ஆகுதுங்ண்ணா. ஐகானைத் தட்டுனா மட்டும் ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்." அவன் கையில் இருந்தது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, நான்கு சிடி. நான் படிக்கிற காலத்தில் காந்திபுரத்தில் வாங்கி, அப்புறம் அவனிடம் போய்ச் சேர்ந்த அதே பெட்டி. லேப்டாப் மட்டும் புத்தம் புதிது, விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் வீட்டில் மாற்றிவிட்டார்கள்.

எனக்குப் போன் செய்வதற்கு முன்பே அவன் நிறைய செய்து முடித்திருந்தான். சிடியைப் பனியன் துணியால் துடைத்திருக்கிறான். எக்ஸ்பி மோட் போட்டிருக்கிறான். ஆன்டிவைரஸை நிறுத்தியிருக்கிறான். ஏதோ ஒரு தளத்தில் இருந்து ப்ரோகிராம்களுக்குத் துணை நிற்கும் டிஎல்எல் ஃபைல்கள் மூன்றை இறக்கியிருக்கிறான். கிராபிக்ஸ் டிரைவரையும் மாற்றியிருக்கிறான். எல்லாம் ஒரே சாயங்காலத்தில். முதல் தவறு இதுதான். தோட்டத்துப் போர் மோட்டார் ஓடவில்லை என்றால் நல்ல மெக்கானிக் ஸ்டார்ட்டர், கேபிள், கெப்பாசிட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட மாட்டார். ஒன்றைப் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்தது. ஐந்து வைத்தியத்தை ஒன்றாகச் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் தெரியாது.

புது சிமுலேட்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் குறைந்தது 150 ஜிபி இடம் வேண்டும். அழகை எல்லாம் நெட்டில் இருந்துதான் இழுத்துக் காட்டும். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டில் வரும் நெட்டுக்கு அது சரிப்படாது. 2004 பதிப்பில் ரைட் சகோதரர்களின் விமானம் முதல் டிசி-3 வரை பழைய பறவைகள் இருக்கின்றன. அது 1903-இல் நடந்த முதல் பறப்பின் நூற்றாண்டுக்காக வெளியிட்ட பதிப்பு. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, ஐகானைத் தட்டினால் ஏன் ஒன்றும் வரவில்லை? சிடியிலும் தவறில்லை, டிரைவிலும் தவறில்லை. அந்தக் காலத்து கேம் சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு முறை இருந்தது. உள்ளே இருப்பது அசல் சிடிதானா என்று பார்க்க, விண்டோஸின் அடிமட்டத்தில் வேலை செய்யும் ஒரு சின்ன டிரைவர் அதற்குத் தேவை. அப்படி அடியாழத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால், விண்டோஸ் 10-இல் இருந்து அதை எடுத்தே விட்டார்கள். 2015-இல் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், விண்டோஸ் 7 போன்ற முந்தைய பதிப்புகளிலும் அதை முடக்கியது. இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிரைவர் தேவையில்லை, அதனால் நான்கு சிடியும் ஒழுங்காக ஏறிவிடும். ஓட்டும்போதுதான் அது வேண்டும். அதனால்தான் திட்டவும் செய்யாமல், திறக்கவும் செய்யாமல் சும்மா நிற்கிறது.

இங்கே மூன்று பேர் மூன்று விதமாகத் தவறு செய்வார்கள். ஒருவர் காம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி, 98 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். அந்த மோட் பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். இல்லாத டிரைவரை அது எங்கிருந்து கொண்டுவரும்? இன்னொருவர் அந்த டிரைவரையே எங்காவது தேடி எடுத்து, டிரைவர் கையெழுத்துச் சோதனையை நிறுத்திவிட்டு உள்ளே திணிப்பார். பேங்க் வேலையும் அதே லேப்டாப்பில்தான் நடக்கிறது என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். மூன்றாமவர் சிடி கேட்காத "கிராக்" தேடுவார். சட்டப்படி சரியா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மாதிரி ஃபைலோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

நேர்மையான வழி இரண்டு. வீட்டுப் பரணில் பழைய எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால், நெட் கொடுக்காமல் அதை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். விண்டோஸ் 7-இல் முடங்கிக் கிடக்கும் அந்த சேஃப்டிஸ்க் டிரைவரை விளையாடும் நேரத்துக்கு மட்டும் ஓடவிட்டு, முடிந்ததும் நிறுத்திவிடலாம். இல்லையென்றால் அடுத்த பதிப்பான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸுக்கு, சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸுக்குப் போய்விடலாம். அது 2006-இல் வந்தது. 2014 டிசம்பரில் டோவ்டெயில் நிறுவனம் அதை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஸ்டீம் பதிப்பாக வெளியிட்டது. அதற்கு சிடியும் வேண்டாம், சேஃப்டிஸ்கும் வேண்டாம். டிசி-3 அதிலும் இருக்கிறது.

எஃப்எஸ்எக்ஸ் டிவிடியே வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்கு சர்வீஸ் பேக் 1, சர்வீஸ் பேக் 2, ஆக்சிலரேஷன் என்று மூன்று பொட்டலங்கள் உண்டு. கிடைத்ததை எல்லாம் மேலே மேலே ஏற்றக் கூடாது. ஆக்சிலரேஷனுக்குள் இரண்டு சர்வீஸ் பேக்கும் அடக்கம். அது இல்லாதவர்கள் மட்டும் முதலில் 1, அப்புறம் 2 என்று வரிசையாகப் போட வேண்டும். ஸ்டீம் பதிப்பில் எல்லாம் உள்ளேயே இருப்பதால் எதையும் தொட வேண்டாம்.

காணாமல் போகும் ஃபைல்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இது. சொந்த அனுபவம், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்ஸ்டால் செய்யும்போது "ப்ரோகிராம் ஃபைல்ஸ்" என்ற ஃபோல்டரைத் தானாகக் காட்டும். நாமும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிடுவோம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதில் ஒரு தப்பும் இல்லை. விஸ்டாவில் இருந்து அந்த ஃபோல்டர் காவல் போட்ட இடம். சாதாரண ப்ரோகிராம் எதுவும் அங்கே எழுத முடியாது. ஆனால் 2004 போன்ற பழைய சிமுலேட்டர் தன் சொந்த ஃபோல்டருக்குள்தான் எழுதிப் பழகியது. எந்த நிலப்பரப்பை எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்று சொல்லும் சீனரி சிஎஃப்ஜி ஃபைலே அங்கேதான் இருக்கிறது.

அப்போது விண்டோஸ் என்ன செய்கிறது தெரியுமா? முடியாது என்றும் சொல்வதில்லை, செய்வதும் இல்லை. தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கி "வெச்சாச்சுங்க" என்று சொல்லி வேறு அலமாரியில் போட்டு வைப்பது போல, அந்த ஃபைலை நம் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்று மூன்று படி உள்ளே போய் ஒளித்து வைத்துவிடும். சிமுலேட்டர் கேட்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். நாம் நேராக ப்ரோகிராம் ஃபைல்ஸைத் திறந்து பார்த்தால் பழைய ஃபைல்தான் தெரியும். அதை நோட்பேடில் திருத்தினால் சிமுலேட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அது பார்ப்பது ஒளித்து வைத்த காப்பியை.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" போட்டு ஓட்டினால் இந்த ஒளித்துவைக்கும் வேலை நடக்காது, நேராக அசல் ஃபைலையே பார்க்கும். அதனால் ஒரு நாள் அட்மினாகவும் மறுநாள் சாதாரணமாகவும் ஓட்டினால், ஒரே சிமுலேட்டர் இரண்டு முகம் காட்டும். நேற்று இருந்த சீனரி இன்று இருக்காது, நாளைக்கு மறுபடி வரும். பேய் பிடித்தது போலத்தான் இருக்கும். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பக்கத்து மலைகளுக்காகப் போட்ட சீனரியை நான்கு முறை போட்டேன். நான்காவது முறைதான் வர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டர் கண்ணில் பட்டது.

தீர்வு மிகவும் எளிது. ஆரம்பத்திலேயே டி டிரைவில், அல்லது சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சொந்தமாக ஒரு ஃபோல்டர் வைத்து அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஸ்டீம் என்றாலும் லைப்ரரியை வேறு டிரைவில் வைக்கலாம். ஏற்கெனவே தவறான இடத்தில் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுவதுதான் நல்லது. அப்போது வர்ச்சுவல்ஸ்டோரில் மிச்சம் கிடப்பதையும் துடைத்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் இருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்துக் கொண்டுவருவது இன்னொரு குறுக்கு வழி. ஆனால் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவு இல்லாததால், பிறகு கூடுதலாகப் போடும் விமானம், சீனரி போன்ற ஆட்-ஆன் எதற்கும் சிமுலேட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஆட்-ஆன் என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் சில ஆட்-ஆன் இன்ஸ்டாலர்கள் 16 பிட் ப்ரோகிராம்கள். விண்டோஸ் 11-இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு, அதில் 16 பிட் எதுவும் ஓடாது. எந்த செட்டிங்கும் உதவாது. ஆனால் அந்த இன்ஸ்டாலர் பெரும்பாலும் செய்வது ஃபைல்களை உரிய ஃபோல்டர்களில் போடுவது மட்டும்தான். பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, விமானத்தின் ஃபோல்டரை மட்டும் எடுத்து வந்தால் பல நேரம் போதும். ஃப்ளைட் சிமுலேட்டர் 5 போன்ற இன்னும் பழையவை டாஸ் காலத்தவை, அவற்றை டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற ப்ரோகிராமில் ஓட்டலாம்.

டிஎல்எல் சந்தை

"டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஒரு ஃபைல் இல்லை" என்று செய்தி வந்ததும், அந்தப் பெயரைத் தேடி முதலில் வரும் தளத்தில் இறக்குவது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். கேம்கள் படம் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் 12-ஆம் பதிப்பு விண்டோஸ் 11-இல் இருந்தாலும், டைரக்ட்எக்ஸ் 9 காலத்துத் துணை ஃபைல்கள் எல்லாம் அதில் வருவதில்லை. மைக்ரோசாஃப்டே 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் ரன்டைம் பொட்டலத்தைப் போட்டால் அவை மொத்தமாக வந்து உட்காரும். 12-ஐ அது தொந்தரவு செய்யாது.

ஒரு தறி மட்டும் ஓடும் கொட்டகை

பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டு "அப்பவும் ஜெர்க் அடிக்குதுங்க" என்பவர்கள் நிறைய. 2004 பதிப்பு ப்ராசசரின் ஒரே ஒரு கோரில்தான் தன் பாரத்தை ஏற்றும். எஃப்எஸ்எக்ஸ், சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) ஏற்றுவது போன்ற சில வேலைகளை மற்ற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். முக்கியமான வேலை அப்போதும் ஒன்றில்தான். சோமனூரில் எட்டுத் தறி இருக்கும் கொட்டகையில் ஒரு தறியை மட்டும் ஓட்டிவிட்டு, துணி சேரவில்லையே என்று கேட்பது போல. இங்கே கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். கார்டுக்குச் செலவழிக்கும் முன் ட்ராஃபிக், ஆட்டோஜென் (தானாக முளைக்கும் மரம், கட்டடங்கள்) ஸ்லைடர்களைக் கீழே இறக்குங்கள். ஃப்ரேம் ரேட்டை 30-இல் நிறுத்திப் பாருங்கள். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் இந்த ப்ரோகிராமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள். சின்ன சிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது.

ரேமும் அப்படித்தான். எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் ப்ரோகிராம், 64 பிட் விண்டோஸில் அதிகபட்சம் 4 ஜிபிதான் அதன் கைக்கு எட்டும். 32 ஜிபி போட்டாலும் மீதி அதற்கு இல்லை. பெரிய சீனரி, பெரிய விமானம், நீண்ட பறப்பு மூன்றும் சேர்ந்தால் இறங்கும் நேரத்தில் மெமரி போதவில்லை என்று மூடிக்கொள்ளும். டெக்ஸ்சர் அளவைக் குறைப்பதுதான் வழி.

ஜாய்ஸ்டிக் பாதி வழியில் செத்துப்போவதற்கு விண்டோஸின் யூஎஸ்பி மின்சேமிப்பு பல நேரம் காரணம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். 15 பின் கேம்போர்ட் ஜாய்ஸ்டிக்குக்கான ஆதரவை விஸ்டாவிலேயே எடுத்துவிட்டார்கள். எஃப்எஸ்எக்ஸ் டிவிடியில் நண்பர்களோடு ஆன்லைனில் பறக்க முடியவில்லையே என்று விண்டோஸைத் திட்ட வேண்டாம். அது நம்பியிருந்த கேம்ஸ்பை சேவை 2014-லேயே மூடப்பட்டது. கரண்ட் போய் வந்த பிறகு சிமுலேட்டர் திறக்கவில்லையா? ஆப்டேட்டாவில் இருக்கும் அதன் சிஎஃப்ஜி ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுத் திறங்கள், புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். எதையும் கையால் திருத்தும் முன் ஒரு காப்பி எடுத்து வைப்பதும் நல்லது.

சித்தி பையன் கடைசியில் ஸ்டீம் பதிப்பை வாங்கினான். நான்கு சிடியும் என் வீட்டுக்குத் திரும்பி வந்து, நெட் இல்லாத பழைய விண்டோஸ் 7 டவரில் ஓடுகிறது. போன வாரம் அவன் சிமுலேட்டரில், பீளமேட்டில் இருக்கும் கோயமுத்தூர் விமான நிலையத்தில் டிசி-3-ஐ இறக்கப் பார்த்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கையாலேயே செட் செய்திருந்தான், தென்மேற்கில் இருந்து, நம் ஆடி மாதத்துக் கணக்கில். தென்மேற்கைப் பார்த்து இறங்கும் 23-ஆம் ரன்வேயை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் 05-இல் இறங்கியதால் காற்று பின்னால் இருந்து தள்ள, ஓடுபாதை முழுவதும் ஓடி வேலியைத் தாண்டித்தான் நின்றான். "இதுக்கும் விண்டோஸ்தானுங்களா காரணம்?" என்று கேட்டான்.