பெங்களூரில் தமிழில் ஏஏ கூட்டம் தேடுவது எப்படி?

குடியை விட விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். பெங்களூரில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஆனால் முதல்முறை போகிறவர் பெரும்பாலும் கேட் வரைக்கும் வந்து திரும்பிவிடுகிறார். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: முதலில் உடம்பு

காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு 90 மில்லி மது பாக்கெட் தேவைப்படுகிறதா? அப்படியானால் கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். அது உயிருக்கே ஆபத்து. ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஏஏ கூட்டத்தில் வைத்தியம் பார்ப்பதில்லை. மருந்து எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கும் போகலாம். அங்கே யாராவது "மாத்திரையெல்லாம் எதுக்கு, நிறுத்துங்க" என்றால் காதில் வாங்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

படி 2: சரியான நம்பர்

கூகுளில் "குடி நிறுத்த" என்று தேடினால், மாதக்கணக்கில் தங்கவைத்துப் பணம் வாங்கும் தனியார் மையங்களின் விளம்பரம் மேலே வந்து நிற்கும். எடுத்தவுடன் "பேஷண்ட் எங்கே இருக்கார், வண்டி அனுப்பட்டுமா?" என்று கேட்டால் அது ஏஏ இல்லை. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் பெங்களூருக்கான தொடர்பு எண்ணைப் பாருங்கள். போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446. மனம் மிகவும் சோர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

படி 3: போனில் என்ன கேட்பது

பெயர் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணா, குடியை விடணும். அல்சூர் பக்கம் இருக்கேன். தமிழ்ல நடக்கிற கூட்டம் எங்கே, எந்தக் கிழமை?" இவ்வளவு போதும். பிறகு நான்கு கேள்விகள்: அது ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டா? எந்த கேட் வழியாக வரணும், எந்த மாடி? இந்த வாரம் உண்டா? வாசலில் யாராவது நிற்பார்களா? ஓப்பன் என்றால் மனைவியோ தம்பியோ கூட வரலாம். குளோஸ்ட் என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும். பெண்கள், பேச ஒரு பெண் உறுப்பினரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"இந்த வாரம் உண்டா" என்பதை விட்டுவிடாதீர்கள். பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கின்றன. திருவிழா, பரீட்சை என்றால் இடம் மாறும். இணையத்தில் இருக்கும் பட்டியல் பழையதாகவும் இருக்கலாம். பூட்டிய கதவைப் பார்த்தவர் அடுத்த வாரம் கிளம்புவது கஷ்டம். வழியிலேயே ஒயின் ஷாப்.

படி 4: எந்தக் கூட்டம்

நல்ல கூட்டத்தைத் தேடி நகரைக் குறுக்கே கடக்காதீர்கள். சில்க் போர்டு ஜங்ஷனில் மாட்டினால் அன்றைய கூட்டம் போச்சு. வழக்கமாகக் குடிக்கும் நேரத்துக்கு நடப்பதும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் இருப்பதும்தான் முதல் தேர்வு. தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால் வேறொரு ஏரியாவுக்குப் போங்கள்: ஸ்ரீராமபுரத்துக்காரர் ஃப்ரேசர் டவுன் போகலாம். அங்கே தெரிந்தவரைப் பார்த்தால், அவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார்!

படி 5: உள்ளே

பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பெரிய போர்டை எதிர்பார்க்காதீர்கள்; சிறிய பேனரோ கதவில் ஒட்டிய தாளோதான் இருக்கும். வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள். ஒருவர் நடத்துவார், மற்றவர் ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்லக்கூடாது என்பது வழக்கம். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்றால் விட்டுவிடுவார்கள்.

சில கூட்டங்களில் ஏஏ புத்தகத்தை ஆளுக்கொரு பத்தி வாசிக்கத் தருவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ் பேச வரும், படிக்க வராது என்பவர்கள் இந்த இடத்தில் வியர்த்துப்போவதுண்டு. கூசாமல் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்திவிடுங்கள். அந்த அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் அப்படி இருக்கமாட்டீர்கள். கடைசியில் ஒரு பையோ தொப்பியோ சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே போடும் காசு அது. புதியவர் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 6: கிளம்பும் முன்

டீ நேரத்தில் இரண்டு, மூன்று பேரின் நம்பர் வாங்குங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் பாதிப் பயன் போய்விடும். குடிக்கத் தோன்றும்போது, குடித்த பிறகு அல்ல, குடிக்கும் முன் அழைக்கத்தான் அந்த நம்பர். ஸ்பான்சரை, அதாவது கூடவே வழிகாட்டும் மூத்த உறுப்பினரை, முதல் நாளே பிடிக்க வேண்டாம். மூன்று நான்கு குழுக்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, குடிக்காமல் சில வருடம் ஓட்டியவராகப் பார்த்துக் கேளுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் ஏஏவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். குழுவுக்குக் குழு வாசனை வேறு.

வீட்டாருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது, வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன். நீங்கள் ஏஏவுக்குப் போகாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

பலரும் கேட்கும் ஒன்று: குடித்துவிட்டுப் போகலாமா? போகலாம். வண்டியை எடுக்காமல் ஆட்டோவில் போங்கள், பாட்டிலோ பாக்கெட்டோ கொண்டுபோகாதீர்கள், பேசாமல் பின்வரிசையில் உட்காருங்கள்.