அறிவியல் புனைகதைக்கு ஓர் ஆயுத ஆலையை உருவாக்குவது எப்படி? தேரிக்காட்டிலிருந்து ஒரு செய்முறை

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குகிறவர்கள், ஆயுத நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்யும்போது, பெரும்பாலும் துப்பாக்கியின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால் பெயர் மட்டும் நிற்கிறது, நிறுவனம் நிற்பதில்லை. ஆலை எந்த மண்ணைத் தின்று எந்த ஆற்றைக் குடித்து வாழ்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டால், ஆயுதம் அதற்குள்ளிருந்து தானே பிறக்கும். திருநெல்வேலிச் சீமையில் 2190ஆம் ஆண்டில் இயங்கும் ஓர் ஆலையைக் கட்டிப் பார்ப்போம்.

படி 1: மூலப்பொருள்

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது அது. டைட்டானியம் எடை குறைந்தது, உறுதியானது, எளிதில் அரிக்கப்படாதது என்பதால் கவசத்துக்கும் ஏவுகணைக்கும் ஏற்றது. ஆனால் தாது அவ்வளவு சுலபமாக உலோகமாகிவிடாது. இன்று நடைமுறையில் உள்ள கிரோல் முறையில், தாதுவைக் குளோரினோடு வினைபுரியச் செய்து டைட்டானியம் டெட்ராகுளோரைடாக்கி, பிறகு மக்னீசியத்தைக் கொண்டு உலோகத்தைப் பிரிக்கிறார்கள். உங்கள் ஆலை வேறொரு முறையைக் கண்டுபிடித்திருக்கலாம். அப்போதும் கழிவு எங்கே கொட்டப்படுகிறது, வாயு கசிந்தால் எந்தத் தெருவில் முதலில் சங்கு ஊதும் என்பதைக் குறித்துவையுங்கள். தேரியைத் தோண்டினால் பனைகள் சாயும். அந்தப் பனைகளில் ஏறிப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே ஆலையின் முதல் ஷிப்டுக்கு அடையாள அட்டையோடு வருகிறார்கள் என்று எழுதினால், தொழிலாளர் யார் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

படி 2: தண்ணீர்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் 1873இல் முடிக்கப்பட்டது. ஆலையின் குழாயை அங்கிருந்து இழுத்துவிடுங்கள். கடைமடை விவசாயிகள் உங்கள் கதைக்குள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

படி 3: ஆயுதமும் அதன் குறையும்

குறை இல்லாத ஆயுதம் கதைக்கு உதவாது. நம் ஆலை லேசர் பீரங்கி செய்கிறது என்று கொள்வோம். ஒளிக்கற்றை தூசியிலும் ஈரத்திலும் சிதறி வலுவிழக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தேரியில் அந்தக் காற்றுக்கு மணல்மேடே இடம் மாறும். ஆகவே, தை மாதத்துத் தெளிந்த காலையில் சோதனையில் தேறிய பீரங்கி, ஆடியில் போர் மூண்டால் தன் சொந்த ஊரையே காக்க முடியாமல் நிற்கும். சோதனை நாளைத் தேர்ந்தெடுத்த பொறியாளருக்கு இது தெரிந்திருந்ததா என்ற கேள்வியில் ஒரு முழு நாவலுக்கு இடம் இருக்கிறது.

படி 4: பெயரும் பேச்சும்

நிறுவனத்துக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். பலகையில் 'பொருநைப் படைக்கலன் ஆலை' என்றிருக்கட்டும். ஊர் வாயில் அது 'மணல் கம்பெனி'. விளம்பரம் எழுதும்போது, ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்களை நிறுவனம் தன் முன்னோராக உரிமை கொண்டாடும். அவை இறந்தவர்களோடு புதைக்கப்பட்டவை என்பதை அது சொல்லாது. எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் குணம் வாசகருக்குப் பிடிபடும் என்பதால், இந்தப் படியை அவசரமாகக் கடக்க வேண்டாம்.

வாங்குபவர் யார் என்பதற்கு இரண்டு வரிகள் போதும்: ஓர் அரசு, அதன் எதிரி அரசு.

படி 5: முதல் காட்சி

இப்போது எழுத உட்காருங்கள். போர்க்களம் வேண்டாம். தரச்சோதனைக் கூடத்தில், பனையேறியின் பேத்தி ஒருத்தி, ஆடி மாதம் தானாகவே நடத்திப் பார்த்த சோதனையின் அளவுகளைப் பதிவேட்டில் எழுதுகிறாள். மேலாளர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறார். அவள் கை என்ன செய்கிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி முடியுங்கள்.