பிபிசியின் தொடக்ககால வானொலி நாடகத்தை ஆவணங்களில் தேடும் முறை

1920களில் பிபிசி ஒலிபரப்பிய நாடகமொன்றை ஆராயப் புகுவோர் ஒலிப்பதிவைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். அந்நாடகங்கள் ஒலிவாங்கியின் முன் நேரடியாக நடிக்கப்பட்டு, அந்த இரவோடு காற்றில் கலந்தவை. எஃகு நாடாவில் பதிவு செய்யும் கருவி 1930களின் தொடக்கத்தில்தான் அங்கு வந்தது. எஞ்சியிருப்பவை தாள்களே. அவற்றில் எந்தத் தாள் எதற்குச் சான்றாகும் என்று பிரித்தறிவதுதான் இத்தேடலின் உயிர்நாடி.

முதலில் 'ரேடியோ டைம்ஸ்' இதழைப் பாருங்கள். 1923 செப்டம்பர் 28இல் தொடங்கிய அவ்விதழின் நிகழ்ச்சி நிரல்கள் 'பிபிசி ஜீனோம்' என்னும் இணையத் தரவுத்தளத்தில் உள்ளன. அச்செழுத்தைக் கணினி படித்து உருவாக்கிய பாடம் என்பதால் பெயர்கள் சிதைந்திருக்கக்கூடும். ஆகவே தலைப்பைக் கொண்டு தேடுவதைவிட நாளையும் நிலையத்தையும் கொண்டு தேடுவதே நல்லது. சான்றாக, ரிச்சர்ட் ஹியூஸ் வானொலிக்கென்றே எழுதிய 'டேஞ்சர்' நாடகத்துக்கு 1924 ஜனவரி 15, லண்டன் நிலையம் என்று தொடங்கலாம். விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சிக்கியவர்களின் கதை அது. காட்சியே இல்லாத ஊடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமையாது. அக்காலத்தில் நகரந்தோறும் தனி நிலையமும் தனி நிரலும் இருந்தமையால், பிற நிலையங்களின் பக்கங்களையும் புரட்டுங்கள். 'எஸ்.பி.' என்ற குறிப்பு, வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சி தொலைபேசிக் கம்பிவழி வந்து அங்கும் அதே நேரத்தில் ஒலிபரப்பாக இருந்ததைக் காட்டும்.

ஆனால், அந்த நிரல் முன்கூட்டியே அச்சானது, நடந்ததன் பதிவன்று. கடைசி நேரத்தில் நடிகர் மாறியதோ நாடகமே கைவிடப்பட்டதோ அதில் தெரியாது. அதற்கு, உண்மையில் ஒலிபரப்பானவற்றை நாள்தோறும் தட்டச்சில் பதிந்துவைத்த தாள்களைப் பார்க்க வேண்டும். இவை ரெடிங் நகரை அடுத்த கேவர்ஷமில் உள்ள பிபிசியின் எழுத்தாவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாடகப் பிரதிகளையும் கடிதக் கோப்புகளையும் அங்கேயே கேட்கலாம். நிகழ்ச்சியின் பெயர், நாள், நிலையம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு முன்னதாகவே எழுதிக் கேளுங்கள்.

பிரதி கிடைத்தால், மையால் அடித்துத் திருத்திய வரிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதும்போது, நிரலை மட்டும் பார்த்திருந்தால் 'அறிவிக்கப்பட்டது' என்றும், ஒலிபரப்புப் பதிவையும் கண்டிருந்தால் மட்டுமே 'ஒலிபரப்பானது' என்றும் எழுதுங்கள்.