முடித்த கையோடு தீர்ப்பு எழுதாதீர்கள்: கேம்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கேமை விளையாடி முடித்ததும் அதைப் பற்றி நாலைந்து வரிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அண்மையில் விளையாடிய கேம்களுக்கான பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, எழுதியதில் ஏறத்தாழ பாதியை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. ரசனை மாறியதால் அல்ல. நான் குறை சொல்லியிருந்த பல இடங்களில் குறை என் விளையாட்டு முறையில் இருந்ததால்தான். அந்தத் திருத்தங்களிலிருந்து திரட்டியவையே இங்கே உள்ளவை. கதைகளின் முடிவை எங்கும் சொல்லவில்லை. ஆனால் சில கேம்களின் அமைப்பை விளக்காமல் இதைப் பேச முடியாது.

'செகிரோ'வைப் பற்றி நான் முதலில் எழுதிய வரி, 'ஒவ்வொரு சண்டையும் தேவையில்லாமல் நீள்கிறது' என்பது. ஃபிரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2019 மார்ச்சில் வெளிவந்த இந்தக் கேமுக்கு, அதே நிறுவனத்தின் 'டார்க் சோல்ஸ்' கேம்களில் பழகிய கையோடு வந்திருந்தேன். எதிரி ஆயுதத்தை ஓங்கினால் உருண்டு விலக வேண்டும், அவன் ஓய்ந்த கணத்தில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும், மறுபடியும் விலகி நிற்க வேண்டும் என்பது அந்தப் பழக்கம். செகிரோவிலோ எதிரிக்கு உயிர் அளவு ஒன்றும், நிலைகுலைவைக் காட்டும் 'போஸ்ச்சர்' அளவு ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. வாளோடு வாளைச் சரியான கணத்தில் மோதவிட்டுத் தடுக்கும்போதெல்லாம் இரண்டாவது அளவு ஏறும். அது நிரம்பினால், உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஒரே குத்தில் முடித்துவிடலாம்; பெரிய எதிரிகளை மட்டும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முறை குத்த வேண்டியிருக்கும். விலகி நின்று மூச்சு வாங்கினால் எதிரியும் மூச்சு வாங்குவான், ஏறிய அளவு இறங்கிவிடும். எதிரியின் உயிர் குறையக் குறைய அந்த இறக்கம் மெதுவாகும் என்பதால், முதலில் வெட்டிக் களைப்பாக்கிப் பிறகு நெருங்கி நின்று நெருக்குவதுதான் வழி. ஆக, நான் பாதுகாப்பு என்று நினைத்துப் பின்வாங்கிய ஒவ்வொரு முறையும் என் உழைப்பை நானே அழித்துக்கொண்டிருந்தேன். அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியிடம் பல மாலைகள் தோற்ற பிறகே இது உறைத்தது. அதன் பின் அந்தச் சண்டை முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்கவில்லை. நீண்டது கேம் அல்ல, நான் கொண்டுவந்த பழைய பழக்கம். ஒரு கேமின் சண்டைமுறையைக் குறை சொல்லும் முன், அது கற்றுத்தருவதைத்தான் செய்கிறோமா, அல்லது இதற்கு முன் விளையாடிய கேம் கற்றுத்தந்ததைச் செய்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு வெட்கக்கேடானது, ஆனால் மிகவும் பொதுவானது. 2018 ஜனவரியில் வெளிவந்த 'செலஸ்ட்', மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறும் கதை. தாவல்களின் துல்லியம்தான் அதன் உயிர். பெரிய தொலைக்காட்சியில் விளையாடிய நான், 'பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே தாவுகிறாள்' என்று எழுதி வைத்தேன். உண்மையில் தொலைக்காட்சியின் பட அமைப்பு திரைப்படத்துக்கு ஏற்றதாக இருந்தது. அசைவை வழவழப்பாக்கவும் நிறத்தைக் கூட்டவும் டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் சற்றே பிடித்துவைத்து மெருகேற்றித்தான் திரைக்கு அனுப்பும். படம் பார்க்கும்போது அந்தத் தாமதம் தெரியாது, விளையாடும்போது தெரியும். அமைப்பில் 'கேம் மோடு' என்பதைத் தேர்ந்ததும் மேடலின் என் விரலோடு சேர்ந்து தாவினாள். வயர் இல்லாத ஹெட்போனில் ஒலி பிந்துவதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். தாளத்துக்கு ஏற்ப விளையாடும் கேம்களை அது முற்றிலும் கெடுத்துவிடும்.

அதே செலஸ்டைப் பற்றி எழுதியிருந்த 'ஈவிரக்கமற்ற கேம்' என்ற வரியும் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போது சற்றுத் தாமதமாகப் பொத்தானை அழுத்தினாலும் அது தாவலை ஏற்றுக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்கு மிகச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் நினைவில் வைத்துக்கொண்டு தொட்டவுடன் தாவவைக்கிறது. மேலே உள்ள கட்டையின் மூலையில் தலை லேசாக இடித்தால் ஓரமாக ஒதுக்கி மேலே விடுகிறது. விழுந்து செத்தாலும் அதே அறையின் தொடக்கத்தில் உடனே எழுந்து நிற்கலாம். இத்தனை சலுகைகளும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால், ஜெயித்தால் நம் திறமை, தோற்றால் கேமின் கொடுமை என்று எண்ணிக்கொள்கிறோம். கடினம் என்பதும் நியாயமின்மை என்பதும் வேறு வேறு. எதனால் தோற்றோம் என்பது நமக்கே விளங்கினால் அது நியாயமான கடினம். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்காக, வேகத்தைக் குறைக்கவும், பிடித்துத் தொங்கும் வலுவை வற்றாததாக்கவும், சாகாமல் இருக்கவும் வழி செய்யும் 'அசிஸ்ட் மோடு' அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை இழிவாகப் பேசுவது ஒரு தவறு என்றால், பயன்படுத்திவிட்டு 'இதில் சவாலே இல்லை' என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

பிடிவாதமும் ஒரு கேமின் முகத்தை மாற்றிவிடும். 'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. லிம்கிரேவ் என்ற தொடக்க நிலப்பரப்பில் காலடி வைத்ததும், சற்றுத் தொலைவில் குதிரைமேல் ஒரு தங்கக் கவச வீரன் உலாவுவதைப் பார்க்கலாம். 'முதல் எதிரியே இவனா?' என்று அவனிடமே திரும்பத் திரும்பச் செத்து, கேமையே தூக்கிப்போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவனை அங்கே நிறுத்தியிருப்பது வெல்வதற்காக அல்ல, சுற்றிக்கொண்டு போகக் கற்றுத்தருவதற்காக என்றே நான் நினைக்கிறேன். ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பெரிய எதிரியிடமும் இதுவே நடக்கிறது. முட்டி மோதுவதை விட்டுத் தெற்கே வீப்பிங் பெனின்சுலா என்ற பகுதிக்குப் போய்ச் சுற்றிவந்தால், நம் பாத்திரத்தின் மட்டம் உயர்ந்து, ஆயுதம் தீட்டப்பட்டு, அதே மார்கிட் நடுத்தர எதிரியாகிவிடுவான். குதிரை கிடைத்த பிறகு, தொடக்கத்தில் பார்த்த பாழடைந்த எல்லே தேவாலயத்துக்கு இரவில் திரும்பிப் போனால், துணைக்கு ஆவிகளை அழைக்கும் மணி ஒன்றும் கிடைக்கும். முன்னோக்கி மட்டுமே ஓடுபவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு, 'தனியாளால் முடியாத கேம்' என்கிறார்கள். இங்கே 'மாட்டிக்கொண்டேன்' என்ற புகாருக்குப் பெரும்பாலும் 'வேறு திசையில் போய்ப் பாருங்கள்' என்பதே பதில்.

மாட்டிக்கொண்டவுடன் யூடியூபில் விடை தேடுவதைப் பற்றி ஒரே விதி சொல்ல முடியாது. எல்டன் ரிங்கில் ஒரு பாதையைத் தேடிப் பார்த்தால் இழப்பது சிறிது. 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்னும் 2019ஆம் ஆண்டுக் கேமில் அதைச் செய்தால் மிச்சம் எதுவும் இருக்காது. அதில் நீங்கள் ஒரு குட்டிச் சூரியக் குடும்பத்தில் சிறு கப்பலில் பறக்கும் விண்வெளிப் பயணி. 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து விழித்தெழுவீர்கள். புது ஆயுதம் கிடையாது, பலம் கூடாது, பூட்டைத் திறக்கும் சாவி கிடையாது. முன்னேற்றம் என்று எதுவாவது இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்ததும், கப்பலின் பதிவேட்டில் சேர்ந்ததும் மட்டும்தான். ஆகவே அங்கே விடையைப் பார்த்துவிடுவது வழியைச் சுருக்குவதாகாது, விளையாட்டையே இல்லாமல் செய்வதாகும். லூகஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இதை முன்கூட்டியே யோசித்துத் தடுப்பு போட்டிருக்கிறது. 1807இல் ஆளில்லாமல் கரைசேரும் ஒரு கப்பலில், கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக ஏறி, 60 பேருடைய பெயரையும் அவர்களுக்கு நேர்ந்த கதியையும் கண்டுபிடிக்க வேண்டும். பதில்கள் மூன்று சரியாக இருந்தால்தான் அவற்றைச் சேர்த்து உறுதிசெய்யும். குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிதாகப் பலிக்காது. காலணியையும், உச்சரிப்பையும், தூங்கும் தொட்டிலின் எண்ணையும் கவனிப்பதற்குப் பதிலாக விடைப்பட்டியலைப் பார்த்து நிரப்பிவிட்டு, 'கதை சுமார்' என்று சொன்னவரிடம் என்ன பேசுவது? தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாளைப் படித்தவரின் கருத்து அது.

எப்போது நிறுத்துவது என்பதிலும் இரு பக்கமும் தவறு நடக்கிறது. 2017இல் வந்த 'நியர்: ஆட்டோமட்டா'வில் உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடியதும் முடிந்தது என்று எண்ணி அழித்துவிடுகிறவர்கள் உண்டு, அது ஆங்கில எழுத்துவரிசைப்படி அடுக்கப்பட்ட 26 முடிவுகளில் முதலாவது மட்டுமே. இரண்டாம் சுற்று பெருமளவு அதே நிகழ்ச்சிகளை இன்னொருவர் கண்ணில் காட்டுவதால் சலிப்புத் தட்டும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவதில்தான் கதை உண்மையிலேயே முன்னே நகர்கிறது. சுற்று ஒன்றோடு நிறுத்துவதில் குற்றமில்லை, 'முதல் முடிவு வரை விளையாடினேன்' என்று சொல்லிவிட்டுக் கருத்துச் சொன்னால் போதும். மறுபக்கம், வரைபடத்தில் ஒரு குறி மிச்சமிருந்தாலும் தூக்கம் வராதவர்கள். 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில் 900 கோரோக் விதைகள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. ஆயுதப் பையை முழுமையாகப் பெரிதாக்க 441 போதும். மீதியையும் பொறுக்கி 900ஐ நிறைவு செய்தவருக்குக் கிடைக்கும் பரிசு, பொன்னிறத்தில் சுருண்டிருக்கும் ஒரு சாணக் குவியல் போன்ற பொருள். அதனால் பயன் எதுவும் இல்லை. எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தூவப்பட்டவற்றை முழுவதும் பொறுக்கியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 'அறுபது மணி நேரத்துக்குப் பிறகு அலுத்துவிட்டது' என்ற புகாரில் எத்தனை மணி நேரம் நாமே வரவழைத்துக்கொண்டது என்பதையும் கணக்கிட வேண்டும்.

எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில் விளையாடினோம் என்று எழுதாமல் விடுவது சிறிய கவனக்குறைவு போலத் தோன்றும். 'சைபர்பங்க் 2077' அப்படி அல்ல என்று காட்டியது. 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தபோது, பழைய பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது தள்ளாடியது. சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. அதே டிசம்பரில் நல்ல கணினி வைத்திருந்த ஒருவர் பெரிய தொல்லையின்றி ரசித்திருக்கலாம்; இருவரும் பொய் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன்களின் கட்டமைப்பையும், போலீஸ் துரத்தும் முறையையும், உடலில் பொருத்தும் கருவிகளின் பங்கையும் மாற்றியமைத்தது. அதற்குப் பிறகு விளையாடிய நான், 2020இல் திட்டியவர்களை 'மிகைப்படுத்திவிட்டார்கள்' என்று எழுதியிருந்தேன். அவர்கள் விளையாடிய கேமை நான் விளையாடவே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போதெல்லாம் பெயருக்கு அருகிலேயே கருவி, பதிப்பு எண், விளையாடிய மாதம் மூன்றையும் குறித்துக்கொள்கிறேன்.

நாலு கேம்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்த நிலையில் 'கன்ட்ரோல் சரியில்லை' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, நம்மவர் கேம் என்ற ஒன்று வந்தபோது நான் செய்தது. 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா', 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தாய் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டிலிருந்து விடுபட்டதை ஊகித்து ஒவ்வொரு பதார்த்தமாகச் சமைப்பதுதான் ஆட்டம். டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய இது 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் முதலில் எழுதியது இரண்டே வரி: 'பெருமை. ஆனால் மிகக் குறுகியது.' இரண்டும் சோம்பல். மணிக்கணக்கை விலையால் வகுத்துப் பார்ப்பது அரிசி வாங்கும் கணக்கு. இந்தக் கதைக்கு அதைவிட நீளம் தேவைப்படவில்லை. பெருமை என்பதோ கேமைப் பற்றிய கருத்தே அல்ல, என்னைப் பற்றியது. நான் சொல்லத் தயங்கியது, புதிர்கள் மிக எளிது என்பதை. அதைத் துணிந்து எழுதிய பிறகு இன்னொரு சந்தேகம் வந்தது. இட்லித் தட்டுகளை அடுக்கும் முதல் புதிரில் நான் குறிப்பேட்டைப் படிக்கத் தொடங்குவதற்குள், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டா, தட்டு மாத்தி மாத்தி வெச்சாதானே ஆவி போகும், இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். இட்லியையே பார்த்திராத ஒருவருக்கு அது உண்மையான புதிராக இருந்திருக்கும். 'எளிது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'எங்கள் வீட்டில்' என்று சேர்த்து எழுதினேன்.